சுல்தான் பீரங்கி வைத்த முக்கு

“நான் உசுரோட இருக்கற வரைக்கும் இந்தக் கல்ல ஒரு விரக்கடை நவுத்த எவனாலயும் ஆவாதுங்க!”

சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி ஞானராஜ் அறிவித்தார். குமிழி வந்தது, ஓட்டை அகப்பட்டது. ஆனாலும் ஒட்டுப் போடவில்லை. அவர் கதையில் மைசூர்ப் படை இன்னும் கிருஷ்ணகிரியையே தாண்டியிருக்கவில்லை. அது வந்து சேரும்வரை சைக்கிள்காரர் காத்திருக்கத்தான் வேண்டும்.

தருமபுரியிலிருந்து கடத்தூர் போகும் சாலையை விட்டு ஒரு மைல் உள்ளே இருக்கிறது மாதா நகர். மனை பிரித்துப் பத்து வருஷம் ஆகவில்லை. கோபுரத்துக்குப் பணம் போதாமல் வேப்பங்கிளையில் தொங்கும் கோயில் மணி, இரண்டு முறை திறந்து வைத்தும் தண்ணீரைக் காணாத தொட்டி, ஞானராஜின் வாடகை சைக்கிள் கடை: ஊரின் புராதனச் சின்னங்கள் இவ்வளவே. இப்படிப்பட்ட ஊருக்கும் ஒரு சரித்திரம் வேண்டாமா? கடைக்கு எதிரே முக்கில் நட்டிருந்த இரண்டு கற்களும் அவற்றின்மேல் குறுக்கே கிடந்த பலகைக் கல்லும் ஞானராஜுக்குக் கைகொடுத்தன. அது சுல்தான் பீரங்கி வைத்த மேடை ஆயிற்று.

கடலை விற்கும் செல்லிக்கு மட்டும் சரித்திர ஞானம் போதாது. தலைக்கூடையை அந்த மேடைமேலேயே இறக்குவாள்.

“பீரங்கியாம் பீரங்கி! புள்ளத்தாச்சியா செத்தவளுக்கு நட்ட சொமதாங்கிங்க இது.”

“யாவாரம் பண்ற எடமா இது? கூடைய எடு!”

“சுல்தானுக்கு ரெண்டு கடலை வேணுமாங்க?”

வாங்கிக்கொள்வார். ஆராய்ச்சியில் பகைமை கூடாது.

அந்த வருஷம் மகள் இசபெல்லா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அதே வாரம் மாதா நகருக்கு டவுன் பஸ் வெள்ளோட்டம் விட்டார்கள். மாலை போட்டுக்கொண்டு வந்த பஸ் முக்கில் திரும்ப முடியாமல் நின்றது. டிரைவர் மாதப்பன் தலையை நீட்டினான்.

“நாளைக்குக் காலையில இந்தக் கல்லு இருந்துச்சுன்னா மெயின் ரோட்டோட நின்னுக்குவேன். அப்புறம் இந்தப் பக்கம் வண்டியே வராதுங்க.”

“சுல்தான் படையே திரும்பிப் போச்சு, ஒனக்குத் திரும்பத் தெரியலையா?”

“அது குதிரைங்க. இதுக்குப் பின்பக்கம் நீளம்.”

ஞானராஜ் கடையை விட்டு இறங்கி வருவதற்குள் பஸ் பின்பக்கமாகவே போய்விட்டது.

அன்று மத்தியானம், தருமபுரியில் டாக்டரிடம் காட்டிவிட்டு, மெயின் ரோட்டிலிருந்து ஒரு மைல் வெயிலில் நடந்து வந்தாள் இசபெல்லா. கடை வாசலில் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“இன்னொருக்கா என்னால நடக்க முடியாதுப்பா. வலி எடுத்தா என்ன பண்றது?”

அதன்பின் அன்று வந்த பஞ்சர்களையெல்லாம் ஞானராஜ் படையெடுப்பு எதுவும் இல்லாமலே ஒட்டிக் கொடுத்தார். வாடிக்கைக்காரர்கள் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தார்கள்.

மறுநாள் காலை அவரிடம் கெஞ்சிப் பார்க்க ஊரார் ஐந்தாறு பேர் புறப்பட்டு வந்தார்கள். வந்த வேலை முடிந்திருந்தது. கல் நின்ற குழிகள் மண்ணால் மூடி மிதிக்கப்பட்டிருந்தன. கடைச் சுவரில் கடப்பாரை சாய்ந்திருந்தது. பலகைக் கல், கடை ஓரம் செங்கல்மேல் கிடக்க, அதில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தாள் இசபெல்லா.

“கல்ல நவுத்தனது யாருங்க?” என்று கேட்டாள் செல்லி.

முக்கில் பஸ் ஹாரன் கேட்டது. ஞானராஜ் மூடிய குழிமேல் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

“வா... வா... இன்னும் ஸ்டியரிங்க ஒடி... எடம் கெடக்குது, வா!”