அந்தப் பக்கத்துச் செயின்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் துடைப்பது என் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டேன். பட்டாளத்து மோட்டார் சைக்கிளில் காக்கி உடுப்போடு ஓர் இளைஞர் உட்கார்ந்திருப்பார். கீழே ஒரு வெள்ளைப் பட்டை. அதில் 'தோற்றம்' என்று எழுதித் தேதி போட்டிருக்கும். பக்கத்தில் 'மறைவு' வர வேண்டிய இடம் காலி. பார்க்கிறவர்கள் நான் மறந்துபோனதாக நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. அருப்புக்கோட்டைக் கடைவீதியில் பாதிப் போர்டுகள் என் கைவேலை, அதனால் தலைக்கனத்துக்கும் குறைச்சலில்லை. திருச்சுழிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வேதக்கோயில் உபதேசியார் ஒருவர் வந்தார். அவருடைய ஒரே மகன் பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகிறவர். பர்மாப் பக்கம் போனவரைக் காணவில்லை என்று தந்தி வந்திருந்தது. அப்புறம் ஒரு தகவலும் இல்லை. கூடப் போனவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். எத்தனை காலம்தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது, கோயிலில் ஜெபம் வைத்துப் படத்தை மாட்டிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். கல்யாணப் போட்டோவைக் கொடுத்து, மகனை வண்டியில் உட்கார்ந்த மாதிரி வரையச் சொன்னார். கீழே தோற்றம், மறைவு. தந்தி வந்த தேதியை மறைவு என்று போடச் சொன்னார்.

முகம் எனக்கு எளிதாக வந்துவிட்டது. வண்டிதான் வம்பு. அப்போது நான் பார்த்திருந்த ஒரே மோட்டார் சைக்கிள் பஞ்சு வியாபாரி ஒருவருடையது, அதையும் தள்ளி நின்றுதான் பார்த்திருக்கிறேன். பாதி பார்த்தது, பாதி குத்துமதிப்பு. பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சிய பளபளப்பான பச்சையை எடுத்துப் பூசினேன்.

சனிக்கிழமை உபதேசியாரின் மருமகள் வந்தார். பள்ளிக்கூட டீச்சர். லீவில் வந்த கணவர் ஒருதரம் மதுரையிலிருந்து அந்த வண்டியையே ஓட்டிவந்து, நாள் முழுக்கத் துடைத்துத் துடைத்து இவருக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார். நான் புகைக்குழாயையும் செயினையும் ஒரே பக்கம் வரைந்திருந்தேன். "குழாயி வலது பக்கம். அவுக வலது கெண்டைக்கால்லதான் சூடு பட்டுருந்துச்சு, நாந்தான் மருந்து போட்டேன். செயினு எடது பக்கம்" என்றார். வேறென்ன செய்வது? வண்டியையே திருப்பி, வலப்பக்கம் தெரிகிற மாதிரி மறுபடி வரைந்தேன். செயின் அந்தப் பக்கம் போய்விட்டது, படத்தில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை, பச்சை மினுங்கக் கூடாது, காய்ந்த சாணி மாதிரி மங்கலாக இருக்க வேண்டும் என்றார். அதற்கடுத்த வாரம், விளக்குக்கு மூடி உண்டு, கீறல் வழியாகத்தான் வெளிச்சம் வரும் என்றார். பிறகு உதைக்கிற மிதி. பிறகு பெட்ரோல் டாங்கியில் முழங்கால் படுகிற ரப்பர். எல்லாம் சரியாகத்தான் சொன்னார், ஆனால் வாரத்துக்கு ஒன்றாகச் சொன்னார். ஏறி உட்கார்ந்தவருக்கு எதற்கு ஸ்டாண்டு, அதை மடக்கி விடுங்கள் என்று கேட்ட அன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. இப்படியே போனால் படம் என்றைக்கு முடியும் டீச்சர் என்று கடுகடுத்தேன்.

அவர் வண்டியைப் பார்க்கவில்லை, கீழே வெள்ளைப் பட்டையைப் பார்த்தார். "முடிஞ்சா அதை எழுதிருவீகள்ல" என்றார்.

ஒவ்வொரு வாரமும் உள்ளே நுழைந்ததும் அவர் கண் முதலில் போனது அந்தப் பட்டைக்குத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஸ்டாண்டை மடக்கி வரைந்தேன்.

கடைசியில் உபதேசியாரே வந்து உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம், இன்று படம் இல்லாமல் போகமாட்டேன் என்றார். எனக்கும் தட்டிக்கழிக்க வழியில்லை. 'தோற்றம்' எழுதினேன், தேதி போட்டேன். மறுபடி பிரஷ்ஷை மையில் தோய்த்து 'ம' போடக் கொண்டுபோனேன்.

"தம்பி, இருங்க" என்றார். அவர் பார்வை படத்தின் மேல் இல்லை, பிரஷ் நுனியில் இருந்தது. சைக்கிளிலேயே ஊர் ஊராகப் போய் ஜெபம் நடத்துகிறவர், அவருக்குத் தெரிந்த வண்டி அது ஒன்றுதான். "செயினு தொங்கலா இருக்கே. எம்மகன் அப்படி விடமாட்டான். அதைச் சரி பண்ணிட்டு எழுதுவோம்."

செயின் படத்திலேயே இல்லை ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சரிய்யா, பண்ணிருவோம் என்று சொல்லிவிட்டேன். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடக்கவில்லை.

அப்புறம் அவரும் வரவில்லை, டீச்சரும் வரவில்லை. சில வருஷம் கழித்து டீச்சர் காரியாபட்டிக்கு மாற்றலாகிப் போனதாகக் கேள்விப்பட்டு, படத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினேன். போனவன் திரும்பிவந்து, டீச்சர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார் என்றான்: "செயினு சரியாயிருச்சா?"

இல்லை என்று சொல்லியனுப்பினேன்.

இந்தப் பொங்கலுக்குப் படத்தை இறக்கியபோது பேரன் உதவிக்கு வந்தான். அவனும் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறான். கீழே பாதி எழுதாமல் கிடக்கிறதே தாத்தா, நான் எழுதி முடிக்கட்டுமா என்று கேட்டான். செயின் வேலை பாக்கியிருக்கிறது என்றேன். அவன் படத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, செயினையே காணோமே என்றான்.

அது அந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிப் படத்தை வாங்கி ஆணியில் மாட்டினேன்.