தண்ணீரைப் பார்த்தவர்

இரும்புலியூரில் என் சலூனில் ஒரு டிவி இருந்தது. ஜப்பான்காரர்கள் தடைகளைத் தாண்டி ஓடி, சேற்றுத் தண்ணீரில் விழும் பழைய விளையாட்டை அந்த வருஷம் சேனலில் திரும்பவும் போட ஆரம்பித்திருந்தார்கள். அது ஓடும்போது சவரம் செய்வது கஷ்டம். சிரித்தால் கழுத்து ஆடும். யாராவது விழப்போகிறார் என்றால் நான் கத்தியை எடுத்துவிடுவேன்.

சவரத்துக்கு வருகிறவர்களில் சிரிக்காதவர் ஒருவர்தான். ஒல்லியான ஆள். காக்கிச் சட்டை, காதோரம் நரை. எதிர்ச் சுவர்க் கண்ணாடி வழியாகவே டிவியைப் பார்ப்பார். யாராவது தண்ணீரில் விழுந்தால் கையைத் தூக்கி என்னை நிறுத்துவார்.

ஒருநாள் கேட்டேன். "இன்னா சார்?"

"இருப்பா. அவன் மேல வரட்டும்."

"அடுத்த ஆளு ஓட ஆரம்பிச்சிட்டான் சார்."

"விழுந்தவன் வந்தானா?"

பெஞ்சில் காத்திருந்தவர் சிரித்தார். "அது வெளாட்டு சார். கீழ ஆளு நிப்பாங்க, தூக்கிடுவாங்க. நீ இன்னாத்துக்கு சார் பேஜார் ஆவுற?"

அவர் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தே சொன்னார். "திருநீர்மலைப் பக்கம் கல்குவாரி தண்ணியில என் பையன் விழுந்தப்பவும் ஆளுங்க நின்னாங்க. வெளாடுறான்னு கை தட்டிகினு இருந்தாங்க."

நான் ரிமோட்டை எடுத்தேன்.

"மாத்தாதப்பா" என்றார். "ஒருத்தனாவது வரானான்னு பாக்கணும்."

சவரம் முடிந்து போனார். பிறகு அவர் வரவில்லை. நிகழ்ச்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது விழுந்தால் நானும் தண்ணீரையே பார்ப்பேன். கலங்கிய தண்ணீர் கொஞ்சம் தெரியும். அதற்குள் அடுத்த ஆளைக் காட்டிவிடுவார்கள்.