எண்ணெய்ச் சட்டி வைக்காத தீபாவளி

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் அப்பாவின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, எண்ணெய், நெய், தேங்காய், ஆட்டுக் கொழுப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். "தலைக்குத் தேச்சிக்கலாமா?" என்று அப்பா கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை நெஞ்சுவலி வந்தால் தாங்காது என்றார். பாகூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா அந்தப் பட்டியலை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

எனக்கு அப்போது பதினாறு வயது. பயம் இருந்தது. அதைவிட, எண்ணெய் இல்லாமல் எதை எப்படிச் சமைக்கலாம் என்று பார்க்கும் ஆசை அதிகமாக இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தேங்காய்ச் சட்னி போய்ப் பொட்டுக்கடலைத் துவையல் வந்தது. அப்பளத்தைத் தணலில் காட்டினேன். பாதி பொரிந்தது, பாதி கருகியது. தோசைக்கல்லில் எண்ணெய் ஊற்றாமல், பாதி வெங்காயத்தை எண்ணெயில் லேசாகத் தொட்டுத் தேய்த்தேன். வடைக்கு அரைக்கிற பருப்பை உருட்டி இட்லிப் பானையில் வேகவைத்தேன். மொறுமொறுப்பு பருப்பில் இருக்கிறதா எண்ணெயில் இருக்கிறதா என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது. அப்பா ஓர் உருண்டையைக் கடித்துவிட்டு, "இன்னாடி இது, வடை செத்துப்போச்சா?" என்றார். ஆனாலும் நாலு தின்றார்.

நாலு மாதத்தில், கரும்புக் கொல்லைக்கு மூச்சு வாங்காமல் நடந்து போய்வந்தார்.

தீபாவளி வந்தது. "எண்ண சட்டியே வேணாம். வாசன வந்தா அவரு சும்மா இருக்க மாட்டாரு" என்றாள் அம்மா. பருப்பு உருண்டையும் கொழுக்கட்டையும் ஆவியில் வைத்தோம். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில்தான் அந்த வருஷம் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். இது எங்களுக்குத் தெரியாததல்ல. இட்லிப் பானை மும்முரத்தில் தோன்றவே இல்லை.

பின்வீட்டு அத்தை, மகள் பிரசவத்துக்காக வில்லியனூர் போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து பொரிக்கும் வாசனையே வராததைக் கவனித்தவள், அதிரசமும் முறுக்கும் வைத்த தட்டோடு தோட்டத்துக் கதவு வழியாக வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நெஞ்சுவலின்னு அங்கியே காதுல வுழுந்துச்சி. இப்டி ஆவும்னு நெனைக்கலியே. எனக்கு ஒரு சேதி சொல்லக் கூடாதாடி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள், எண்ணெய்க் குளியல் முடித்துக் கிணற்றடியிலிருந்து தலையைத் துவட்டியபடி அப்பா வந்தார். "இன்னா தங்கச்சி, பலகாரமா?"

தட்டு கீழே விழுந்து முறுக்கெல்லாம் உருண்டோடியது. விஷயம் புரிந்ததும் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"என் வூட்டுக்கா துக்கத் தட்டு?" என்றவள், விடுவிடுவென்று எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். மிச்சமிருந்த பருப்பில் ஒரே ஒரு வடை தட்டிப் போட்டாள். வாசனை தெருக்கோடி வரை போயிருக்கும். எண்ணெய் வடிய அதை எடுத்து இலையில் வைத்தபோதுதான் பக்கத்தில் அப்பா நிற்பதைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

அப்பா வடையை எடுத்தார். மோந்து பார்த்தார். பிறகு அத்தையிடம் நீட்டினார். "நீ துன்னு. துன்னுட்டு, நான் உசுரோடதான் கீறேன்னு ஊருக்குப் போய்ச் சொல்லு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு வடைக்கு மட்டும் அம்மா சட்டி வைப்பாள். அத்தை வந்து தின்றுவிட்டுப் போவாள். பாக்கியெல்லாம் ஆவிதான். ஒன்பது வருஷம் அப்படி ஓடியது.

பத்தாவது வருஷம் அம்மா சட்டியை எடுக்கவில்லை. அத்தை அதே தோட்டத்துக் கதவு வழியாகத் தட்டோடு வந்து நின்றாள். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.