ஸ்டாண்டுக்கு அடித்த பச்சைப் பெயிண்ட்

காட்டூர் தாண்டி ஒரு ரப்பர் ஷீட் கம்பெனியில் வேலை பார்த்தேன். ரோலரிலிருந்து வரும் ஷீட்டை இரும்பு ஸ்டாண்டில் கையால் சுற்ற வேண்டும். பக்கத்து மேசையில் ரப்பர் பசை டப்பா இருக்கும். பெட்ரோல் மாதிரி பற்றும் சரக்கு. ஒரு பொறி விழுந்தால் முதலில் கருகுகிறவன் நான்தான்.

மழைக்காலத்தில் தொல்லை இல்லை. மாசியில் காற்று காய்ந்ததும் ஸ்டாண்டைத் தொட்டாலே விரலில் சுருக்கென்று அடித்தது. ஒரு நாள் நீலப் பொறியே தெறித்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் சூப்பர்வைசர் உடனே பசை டப்பாவை வெளியே தூக்கச் சொன்னார்.

"ஷாக் நிக்கிற வரைக்கும் டப்பா உள்ள வராது. எல்லாம் உங்க பாலியஸ்டர் சட்டையால. நாளைக்குக் காட்டன்ல வாங்க."

என்னிடம் இருந்த காட்டன் என் கல்யாண வேட்டி சட்டைதான். அதோடு போனேன். பசை தடவும் அம்மா வாயை மூடவில்லை.

"என்னண்ணே, மறுபடியும் பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"உங்க வேலையப் பாருங்கம்மா."

ஷீட்டைச் சுற்றச் சுற்ற வேட்டி அதில் போய் ஒட்டிக்கொண்டது. பிய்த்தேன், மறுபடி ஒட்டியது. கடைசியில் ஷீட்டோடு சுருண்டு உள்ளேயே போய்விட்டது. அரை டிரவுசரோடு நின்றேன்.

"அண்ணே, வேட்டியையும் சேத்து பேக் பண்ணிடவா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "காட்டன்ல வரச் சொன்னீங்களே, வந்து பாருங்க!" என்று சூப்பர்வைசரிடம் கத்தினேன்.

வேட்டியை உருவக் குனிந்தவர் ஸ்டாண்டின் காலையே பார்த்தார். ஷீட் உரசி உரசிச் சேருகிற கரண்ட் தரையில் இறங்க அங்கே ஒரு எர்த் கம்பி உண்டு. அதன் கிளிப் காலைக் கவ்வித்தான் இருந்தது, பச்சைப் பெயிண்டின் மேல்.

"எந்த அறிவாளி இதுல பெயிண்ட் அடிச்சது?"

நான்தான். ஆயுத பூஜைக்கு கிளிப்பைக் கழற்றி, இரண்டு கோட் அடித்து, திரும்ப மாட்டி, அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்தேன். பெயிண்ட் கரண்டை மறிக்கும் என்று எனக்கு எவன் சொன்னான்? பொட்டு வைத்தபோது எல்லோரும் கும்பிட்டார்கள், அவரும்தான்.

உப்புத்தாள் வாங்கி, வெறும் இரும்பு தெரியும்வரை ஸ்டாண்டின் காலைத் தேய்த்தேன். கிளிப்பை மாட்டினேன். பத்து மீட்டர் ஷீட் சுற்றினேன்.

"தொடுங்க," என்றார் சூப்பர்வைசர், கதவருகே நின்றுகொண்டு.

தொட்டேன். ஒன்றுமே அடிக்கவில்லை. ஆனால் பழக்கதோஷத்தில் "ஆ!" என்று கத்திவிட்டேன்.

பசை டப்பாவை உள்ளே கொண்டுவர, சூப்பர்வைசரை பஸ் ஸ்டாப்பிலிருந்து கூட்டிவர வேண்டியிருந்தது.