இன்பராணி டீச்சரின் போர்

இன்பராணி டீச்சர் டெல்லி மயூர் விஹார் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் நடத்துகிறார். பதினொன்றாம் வகுப்பு அவர் முகத்துக்கு நேராகவே கொட்டாவி விடும். ஒரு நாள் அலுத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிட்டு, 'போர்' என்று கரும்பலகையில் எழுதி, "சொந்தமா யோசிச்சு ஒரு பக்கம் எழுதுங்க. காப்பி அடிச்சா கிழிச்சிடுவேன்" என்றார்.

எல்லோரும் பீரங்கி, ராணுவம் என்று எழுதினார்கள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த சிந்து எழுதியது வேறு: "போர் காலை எட்டு மணிக்கு ஸ்டார்ட். பெல் அடிக்கும்வரை தப்பிக்க முடியாது."

இன்பராணி அவளைக் கூப்பிட்டார். "போர்னா யுத்தம், சிந்து."

"அச்சா? நான் போரடிக்கிறதுன்னு நெனச்சேன் மிஸ்."

திருத்துவதற்காகச் சிவப்புப் பேனாவை எடுத்தவர், கட்டுரையின் கடைசி வரியில் நின்றுவிட்டார். "மிஸ்ஸுக்கும் தினமும் போர்தான், பாவம்."

அதில் திருத்த ஒன்றும் இல்லை.