கப்பல் விருந்துக்குப் போகாதவர்

சென்னையிலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பலில் எனக்குப் பக்கத்து அறைக்காரர் அவர். ராயபுரத்துக்காரர். துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஒரு தோள் இறங்கியிருக்கும். பேசும்போதெல்லாம் சட்டைக் காலரை நீவிக்கொள்வார். மகள் ஆசையாக அனுப்பிவைத்த பயணம்.

கடைசி நாள் விருந்துக்கு வெள்ளை வேட்டி சட்டையில் போனவர் உடனே திரும்பிவிட்டார்.

“உள்ளே விடலையா ஐயா?” என்றேன்.

“யாரும் ஒண்ணியும் சொல்லல நைனா. அல்லாரும் கோட்டு போட்டுகினு கீறாங்க. நானே வந்துட்டேன்.”

“வேட்டியோட போகலாம், வாங்க” என்று எவ்வளவோ கூப்பிட்டும் அவர் வரவில்லை. நான் சாப்பிட்டுத் திரும்பியதும், “இன்னா போட்டாங்க?” என்று கேட்டார். வெண்ணெயில் வதக்கிய இறாலைப் பற்றிச் சொன்னேன்.

காலையில் துறைமுகத்தில் காத்திருந்த மகள், “விருந்து எப்டிப்பா இருந்திச்சி?” என்றாள்.

“எறா வாயில வெச்சதும் கரையிது கண்ணு” என்றார்.

அவள் முகம் அப்படி மலர்ந்தது. ஒரு வாயாவது அவர் சாப்பிட்டிருக்கலாம்.