கிளட்ச் இல்லாத வண்டி

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது கால் மந்தமானபோது, அவர் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி நடப்பதைப் பற்றியதல்ல. இனிமேல் வண்டி ஓட்ட முடியுமா என்றுதான் கேட்டார். எங்கள் ஊர் வடகரப்பதியில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும், யார் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூரில் புடவை எடுக்கப் போனாலும், ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் இவர்தான். அந்த மனுஷன் கட்டிலோடு உட்கார்ந்து, எதைச் சொன்னாலும் தலையாட்ட ஆரம்பித்தார். உப்பு ஒரு கல் குறைந்தால் கூரை பறக்கக் கத்துகிறவர், உப்பே போடாத ரசத்தையும் பேசாமல் குடித்துவிட்டு எழுந்தார். கால் மந்தமானதைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி என்றால் ஓட்டிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். பழைய காரைக் கொடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் தேடினோம். வாளையாரில் ஒருவர் மகனோடு வெளிநாட்டில் இருக்கப் போவதால் தன் காரை விற்கிறார் என்று தெரிந்து, இரண்டு பேரும் போனோம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நான் சீட்டைத் தடவிப் பார்த்தேன், கதவைத் திறந்து திறந்து மூடினேன். இவர் குனிந்து கீழே பெடல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது எங்கீங்க?" என்றார். கிளட்ச் இருக்காது என்று தெரிந்துதானே வந்தோம்!

"இதுக்கு ரெண்டே உள்ளூ. பேடிக்கண்டா, வண்டி தானே போய்க்கோளும்" என்றார் விற்கிறவர் மலையாளத்தில், பயப்பட வேண்டாம் என்று கையால் காட்டியபடி.

தானே போய்க்கொள்ளும் என்றால் இவர் எதற்கு என்று எனக்குக் குழப்பம். கியர் மாற்ற வேண்டாம் என்கிறார், ஆனால் கியர்க் கம்பி மட்டும் நடுவில் இருக்கிறது. பி போட்டால் நிற்கும், ஆர் போட்டால் பின்னால் போகும், என் போட்டால் சும்மா இருக்கும், டி போட்டால் முன்னால் போகும் என்று சொல்லிக் கொடுத்தார்.

"நிக்கறதுக்கும் சும்மா இருக்கறதுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று கேட்டேன்.

அவர் இவரைப் பார்த்தார், இவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்சாலையில் ஓட்டிப் பார்த்தபோது இவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்காகவே வாங்கிவிடலாம் என்று நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த குழப்பம், ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டிக்குப் பூசை போடுவதா வேண்டாமா என்பது. வண்டி பழசானாலும் நமக்குப் புதுசுதானே என்று மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசாரி வண்டிக்கு முன்னால் நின்று கற்பூரம் காட்டினார். எங்கள் ஊர்ப்பக்கம் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு, ஓட்டுகிறவர் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிடுவார். பிறகு பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்த்துவார். இவர் எத்தனையோ வண்டிக்கு அப்படிச் செய்தவர். நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்தால், கியர் வண்டி கட்டிப்போட்ட மாடு போல நிற்கும். அன்றைக்கும் புறப்படத் தயாராக டி-யில் போட்டு, கண்ணை மூடி, இரண்டு கையையும் குவித்தார். பிரேக்கில் இருந்த காலும் தானாக எழுந்துவிட்டது.

வண்டி யாரையும் கேட்காமல் கிளம்பியது. பக்கத்துச் சீட்டில் இருந்த நான் பார்த்தேன், அவருடைய இடது கால் இல்லாத கிளட்சைத் தேடி வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? பூசாரி தட்டைப் போட்டுவிட்டுத் துள்ளி ஒதுங்கிய பிறகுதான் வலது கால் பிரேக்கைக் கண்டுபிடித்தது.

"எனக்கொண்ணும் இல்லீங்க, ஆத்தா காப்பாத்தீட்டா" என்று பூசாரியே சிரித்தார். ஆனால் கற்பூரம் அணைந்தது அபசகுனம் என்று கூட்டத்தில் யாரோ சொன்னது இவர் காதில் விழுந்துவிட்டது. கொழுந்தனார் வந்து வண்டியை வீட்டில் விட்டார். இவர் சாவியை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலுக்குப் போனார்.

ஓட்டத் தெரியாத நான் சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தப்பு யார் மேல் என்றும் புரியவில்லை. அவர் சாமிதான் கும்பிட்டார், வண்டியும் அதற்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தது. விற்றுவிடு என்றார்கள் சொந்தக்காரர்கள், டிரைவர் போடு என்றார்கள். எல்லாவற்றுக்கும் இவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் காலையில் கையைப் பிடித்து இழுத்துவந்து வண்டியில் உட்கார வைத்தேன். "ஸ்டார்ட் பண்ணுங்க. பிரேக்க மிதிச்சுட்டு டி-யில போடுங்க" என்றேன். போட்டார். நான் போய் வண்டிக்கு நேர் முன்னால் நின்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்று வரை எனக்கே தெரியாது. துணிச்சலா, கிறுக்குத்தனமா?

"இப்பக் கும்புடுங்க" என்றேன்.

மெதுவாகக் கையைக் குவித்தார். கண்ணை மூடவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்தது. வண்டி உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம் கண்ணாடியை இறக்கி ஒரு கத்துக் கத்தினார்.

"ஏம் புள்ள, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா? தள்ளி நில்லு! என்ற காலு இங்க பிரேக்கக் கும்புட்டுட்டுக் கெடக்குது, நீ என்னடான்னா கல்லு நட்டாப்பல முன்னால நிக்கற!"

பக்கத்துத் தோட்டத்தில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உப்புக் குறைந்த நாளில் கத்துவது போலவே அவர் இன்னும் என்னென்னவோ திட்டினார். எனக்குத் தள்ளி நிற்க மனமே வரவில்லை.